அசைந்தது விமானம்

செப்டம்பர் 3, செவ்வாய்

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக டி.வி.க்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று எடுத்துவிட்டேன். டி.வி. இப்போது கிழக்கே சாய்ந்திருக்கிறது. செய்தி வாசிக்கிற பெண்ணும் சாய்ந்தபடிதான் வாசிக்கிறாள்.

டைரி எழுதச் சொன்னவர் விங் கமாண்டர் சேதுமாதவன். விமானப்படையில் ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த நூல் மில்லைப் பத்து வருடத்துக்கு முன் ஓர் அறக்கட்டளை வாங்கி, பழைய விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்சியகமாக்கியிருக்கிறது. அதற்கு இவர்தான் இயக்குநர். அடுத்த வருடக் காலண்டருக்கு மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விமானங்களை நான் படமெடுத்துத் தர வேண்டும். முப்பதாம் தேதி படங்கள் அச்சுக்குச் சிவகாசியில் இருக்க வேண்டும். "எந்த நாள் எந்த விமானம்னு எழுதி வெச்சுக்குங்க, ரங்கம்" என்றார். அட்டையிலேயே 'படங்கள்: பொன்னுரங்கம், ரங்கா ஸ்டுடியோ' என்று போடுகிறார்களாம்.

முப்பத்திரண்டு வருடத் தொழில். இந்த ஊரில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது நான் எடுத்த முகம். கல்யாண வேலை எல்லாம் இப்போது பறக்கிற கேமரா வைத்திருக்கிற பையன்களிடம் போய்விட்டது. இந்தக் காலண்டர் நன்றாக வந்தால் நானும் இன்னும் இருக்கிறேன் என்று நாலு பேருக்குத் தெரியும். வராவிட்டால் கடைசி வரை பாஸ்போர்ட் சைஸ்தான். இதை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன், டைரியாக இருப்பதால் சொல்கிறேன்.

தனபாக்கியம் இன்றைக்கும் காப்பியை அரை டம்ளர்தான் கொடுத்தாள். வர வர ரொம்பக் கஞ்சமாகிவிட்டாள்.

இந்தப் பேனா சரியில்லை. எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி வருகிறது.

செப்டம்பர் 5, வியாழன்

முதல் நாளே சண்டை. உள்கூடத்துக் காவலர் ரெஜினா என்று ஒரு பெண்மணி. காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். என் தோளில் இருந்த கேமரா ஸ்டாண்டைக் கண்டதும் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"ஸ்டாண்டு உள்ளே கூடாதுங்க சார்."

"டைரக்டரே என்னை வரச் சொன்னாருங்க."

"உங்களைத்தானுங்க வரச் சொன்னாரு. ஸ்டாண்டை வரச் சொல்லலீங்களே."

விஷயம் என்னவென்றால், போன வருடம் யாரோ ஒருவர் மூன்று காலையும் விரித்த வேகத்தில் ஒரு பழைய விமானத்தின் துணி இறக்கை கிழிந்துவிட்டதாம். அந்தக் காலத்து விமானங்களுக்கு இறக்கை துணியில்தான். அன்றிலிருந்து ஸ்டாண்டு கூடாது, ஃபிளாஷ் கூடாது. நான் இயக்குநரிடம் போனேன். "ரூல் போட்டதே நான்தான் ரங்கம்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டாண்டை வாசலில் செருப்பு வைக்கிற இடத்தில் வைத்து டோக்கன் கொடுத்தார்கள். நம்பர் 41.

செப்டம்பர் 6, வெள்ளி

அறுபத்து நாலு படம். ஒன்றும் தேறவில்லை. காரணம், ஸ்டாண்டு இல்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று நிதானமாக யோசித்து வேலை செய்தேன். மில் கட்டடம் என்பதால் கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, ஒவ்வொரு பல்லிலும் வடக்கே பார்த்த கண்ணாடி இருக்கிறது. பதினொரு மணிக்குமேல் அதன் வழியே நல்ல வெளிச்சம் இறங்கும். மற்ற நேரம் கூடம் கோயில் கர்ப்பக்கிரகம்தான். கேமராவின் வெளிச்சக் கூர்மையை ஏற்றினால் படம் கிடைக்கும், ஆனால் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். ஏற்றாவிட்டால் ஷட்டர் கதவு மெதுவாக மூடும், கையசைவு படத்தில் விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிடிக்க வேண்டும்.

மில் தூண்கள் எல்லாம் இரும்பு. ஒரு தூணில் முதுகைக் கொடுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொண்டு, பட்பட்டென்று ஐந்து படம் தொடர்ந்து எடுத்தேன். ஐந்தில் நடுவில் இருப்பது பெரும்பாலும் தெளிவாக விழுகிறது. நாட் என்கிற குட்டிப் போர் விமானம் ஜம்மென்று வந்துவிட்டது. புஷ்பக் என்கிற பயிற்சி விமானமும் வந்தது. என் முதுகில் மட்டும் தூணின் துரு வந்தது.

துவைக்கப் போட்டால் தனபாக்கியம் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இனிமே பட்டன் வெச்ச சட்டை வேண்டாமுங்க, இதைப் போட்டுக்குங்க" என்று இரண்டு பனியன் சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் காலேஜ் பையன் மாதிரி போக வேண்டுமாம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பழைய ஜாக்கெட் துணியில் பை தைத்து அதில் இரண்டு கிலோ பச்சைப்பயறு போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். தடுப்புக் கம்பியின் மேல் பையை வைத்து, அதன் மேல் கேமராவை அழுத்தினால் அசையவே அசையாது. ரெஜினா பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னங்க சார்?"

"பயறுங்க."

"சாப்புடற சாமான் உள்ளே கூடாதுங்க."

"இது பச்சைப் பயறுங்க. வேக வைக்காததை யாருங்க திங்கறாங்க?"

"எங்கூட்ல ஊற வெச்சுப் பச்சையாவே தின்போமுங்க."

பயறும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தது. நான் வெளியே போய், கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டு, என் காலுறை ஒன்றில் மணலை நிரப்பிக்கொண்டு வந்தேன். மணலுக்கு ரூல் இல்லை. ரெஜினா யோசித்துப் பார்த்துவிட்டு, "போங்க சார்" என்றார். அவருக்கு உள்ளூரச் சிரிப்பு. ஒற்றைக் காலில் மட்டும் காலுறையோடு ஏழு விமானம் முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

என் மூளையை நானே மெச்சிக்கொள்ள வேண்டிய நாள். கோயில் வாசல் கடையில் கறுப்பு அரைஞாண் கயிறு இரண்டு ஆள் நீளத்துக்கு வாங்கினேன். கேமராவுக்கு அடியில் ஸ்டாண்டு மாட்டுகிற துளை இருக்கிறதல்லவா, அதில் ஒரு திருகாணியைப் போட்டுக் கயிற்றைக் கட்டினேன். மறுமுனையை வளையமாக்கி என் காலில் மாட்டிக்கொண்டேன். கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால் கயிறு விறைத்துக்கொள்ளும், மேலும் கீழும் ஆடாது.

டகோட்டா என்கிற சரக்கு விமானத்துக்கு முன்னால் இப்படிக் காலுக்கும் கேமராவுக்கும் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு நின்றபோது, திருப்பூரில் இருந்து வந்த ஒரு குடும்பம் ஒதுங்கிப் போனது. அந்தம்மா மகளிடம், "வேண்டுதலாட்டம் இருக்குது, குறுக்க போகாதே" என்றார்.

பதினோரு விமானம் ஆகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான். அட்டைப்படம்.

தனபாக்கியம் இனிமேல் சவரத்துக்கு சலூனுக்கே போகச் சொல்கிறாள். வீட்டில் தண்ணீர்ப் பஞ்சமாம். நேற்றுத்தான் தொட்டி நிரம்பி வழிந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

அட்டைப்படத்துக்கு டைகர் மாத். மஞ்சள் நிறம், அடுக்கு அடுக்காக இரண்டு ஜோடி துணி இறக்கை, மூக்கில் மரக் காற்றாடி. கூரை உத்தரத்தில் இருந்து மூன்று இரும்பு வடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். முழுசாகத் தெரிகிற இடம் மேல் தளம் மட்டும்தான். அங்கே தூண் இல்லை. கம்பி இல்லை. கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, அதில் சாயக் கூடாது என்று போர்டும் இருக்கிறது. மணல் மூட்டையை எங்கே வைப்பது? அரைஞாண் கயிறு மேல் கீழ் ஆட்டத்தைத்தான் பிடிக்கும், பக்கவாட்டு ஆட்டத்தைப் பிடிக்காது.

இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் விமானத்தின் உடம்பில் இருக்கிற நம்பர் இரண்டு இரண்டாக விழுந்திருக்கிறது.

பார்த்துக்கொண்டே இருக்கும்போது இயக்குநர் பின்னால் வந்து நின்றுவிட்டார். கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். "என்ன ரங்கம், எல்லாமே ரெண்டாத் தெரியுது?"

முப்பத்திரண்டு வருடமாகப் படம் கலங்கினால் வாடிக்கையாளரிடம் நான் சொல்கிற வார்த்தை ஒன்றுதான். நீங்க அசைஞ்சுட்டீங்க, இன்னொன்னு எடுத்துக்கலாம். கைக்குழந்தையில் இருந்து எம்.எல்.ஏ. வரைக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் மறுத்ததில்லை. அவர்களே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"விமானம் அசைஞ்சிருச்சுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. மேலே வடத்தைப் பார்த்தார். கீழே பார்வையாளர்களைப் பார்த்தார். வேகமாக இறங்கிப் போனார்.

செப்டம்பர் 18, புதன்

காட்சியகத்தை மூடிவிட்டார்கள். தொங்குகிற விமானம் அசைகிறது என்றால் வடம் தளர்ந்திருக்கலாம், கீழே ஜனங்கள் நடக்கிற இடமாயிற்றே. பெங்களூரில் இருந்து எஞ்சினியர் வருகிறாராம். இரண்டு பள்ளிக்கூட பஸ்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போயின.

முன்ஜாக்கிரதை நல்லதுதானே. பழைய கட்டடம். எப்படியும் ஒரு தடவை பார்க்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 20, வெள்ளி

எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டார். வடம் மூன்றும் கெட்டியாக இருக்கின்றனவாம். தானாக அசைய வழியே இல்லை, யாராவது கம்பு கொண்டு தள்ளி ஆட்டியிருந்தால்தான் உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

யாராவது தள்ளினார்கள் என்றால் காவலர் என்ன செய்துகொண்டிருந்தார்? ரெஜினாவுக்கு மெமோ. உள்கூடத்தில் இருந்து எடுத்து வண்டி நிறுத்துகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேலையே இருக்காது.

நான் பைக்கை நிறுத்தியபோது அவர்தான் சீட்டுக் கொடுத்தார். வெயிலில் தொப்பிகூட இல்லை.

"ஒன்பது வருசமாச்சுங்க சார் நான் வந்து. ஒரு விரல் பட விட்டதில்லீங்க. அது ஆடுனதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"படத்துல இருக்குதுங்களே" என்றேன்.

"படத்துல இருந்தாச் சரிதானுங்க" என்றார். அவ்வளவுதான் கேட்டார். என்னை நம்பிவிட்டார்.

சாப்பாடு இறங்கவில்லை. தனபாக்கியம் ரசம் காரமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 21, சனி

எழுதத் தோன்றவில்லை. பேனா வேறு இப்படி.

செப்டம்பர் 22, ஞாயிறு

புதுப் பேனா வாங்கினேன். கடைக்காரர் நல்லது என்று எடுத்துக் கொடுத்தார். அதில்தான் இதை எழுதுகிறேன்.

பேனாவில் கோளாறு இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

நேற்றுக் காட்சியகத்துக்கு விடுமுறை. அதைச் சாக்காக வைத்து ஒரு நாள் தள்ளினேன். இன்று காலை முதல் ஆளாகப் போய் இயக்குநர் அறையில் நின்றேன்.

"அசைஞ்சது விமானம் இல்லீங்க. நான்தானுங்க."

அவருக்குப் புரியவில்லை. வலது கையை நீட்டிக் காட்டினேன். மேசை மேல் ரெஜினாவின் மெமோ நகல் இருந்தது. அதை எடுத்து என் கையின் மேல் வைத்தார். தாள் படபடத்தது. எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார். தாள் நிற்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"சித்திரையில ஆரம்பிச்சதுங்க. ஸ்டுடியோவுல எப்பவும் ஸ்டாண்டுல வெச்சுத்தான் எடுப்பேன். வெளிய தெரியாதுங்க." வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டையும் இதுவரை இந்த டைரிக்குக்கூட நான் சொல்லவில்லை.

அவர் தாளை என் கையில் இருந்து எடுத்துக்கொண்டார். பிறகு மெமோவை நாலாகக் கிழித்தார். "போன வாரமே சொல்லியிருந்தா பெங்களூர்ல இருந்து ஆள் வந்திருக்க வேண்டாம். அந்தப் பிள்ளைங்க திரும்பிப் போயிருக்க வேண்டாம்" என்றார். "எங்க சர்வீஸ்ல உடம்பைப் பத்திப் பொய் சொல்றவனைப் பறக்க விடாமத் தரையில உட்கார வெச்சிருவோம், ரங்கம். உண்மையைச் சொல்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். இல்லேன்னா சென்னையில இருந்து ஒருத்தரை வரச் சொல்லிருக்கேன், அட்டையில அவர் பேர்தான் வரும்."

"ஸ்டாண்டு மட்டும் ஒரு நாளைக்கு..."

"ரூல் ரூல்தான்."

ரெஜினாவை நானே போய் அழைத்துக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத நாள் டோக்கன் வாங்கும்போதே பார்த்தேனுங்க சார். கீழ போட்டுட்டு மூணு தடவை எடுத்தீங்க. கோபத்துல நடுங்கறீங்கன்னு நினைச்சுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு காலுக்குத்தானுங்க ரூலு. ரெண்டு காலுக்கு இல்லீங்க. வூட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க தோள்ல வெச்சு எடுங்க."

ஆக, தனபாக்கியத்திடமும் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, விமானம், வடம், ரெஜினா, கை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் நார் எடுப்பதை நிறுத்தவே இல்லை.

"எனக்கு ஆடி மாசத்துல இருந்தே தெரியுமுங்க."

"எப்படி?"

"காப்பி தளும்பிக் கையெல்லாம் கொட்டிக்கிட்டீங்க. டம்ளர் சூடுன்னு சொன்னீங்க. அதான் அன்னையில இருந்து அரை டம்ளரா ஊத்தறேன்."

பட்டன் இல்லாத சட்டை. சலூன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கஞ்சம் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். கிழிக்கலாமா என்று நினைத்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.

"ஏன் கேட்கலை நீ?"

"நீங்களாச் சொல்லட்டும்னுதான். நான் கேட்டிருந்தா அவரைக்காய்தான் ஆடுதுன்னு சொல்லியிருப்பீங்க."

செப்டம்பர் 27, வெள்ளி

தனபாக்கியம் பட்டுப்புடவையில் வந்தாள். தலையில் நாலு முழம் கனகாம்பரம். "படம் பிடிக்கறது உன்னை இல்லை" என்றேன். "தெரியுமுங்க. நாலு பேர் பார்க்கற இடத்துல ஸ்டாண்டு அழுக்கா நிக்கக் கூடாதுல்ல" என்றாள்.

ரெஜினா அவளைச் சுற்றி வந்து பார்த்தார். காலைக் குனிந்து பார்த்து, "ரெண்டுதான்" என்று உறுதி செய்துகொண்டு உள்ளே விட்டார்.

மேல் தளத்தில் அவளை முன்னால் நிறுத்தி, வலது தோளில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் கேமராவை வைத்தேன். முப்பது வருடத்தில் பொது இடத்தில் அவள் தோளை நான் தொட்டதில்லை. கீழே போகிறவர்கள் எல்லாம் விமானத்தை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்தார்கள். பதினொன்று இருபதுக்கு வடக்குக் கண்ணாடியில் இருந்து வெளிச்சம் இறங்கி மஞ்சள் இறக்கையின் மேல் விழுந்தது.

"மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்க."

"எதுல பாதிங்க?"

"பேசாதே."

அவள் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். எடுத்தேன். பார்த்தால் நம்பர் மறுபடி இரண்டாக விழுந்திருந்தது. நீ அசைஞ்சுட்டே என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளும் அதற்காகக் காத்திருந்த மாதிரி தோளைச் சரி செய்துகொண்டாள்.

"நான்தான் அசைஞ்சுட்டேன்" என்றேன். "இன்னொன்னு எடுத்துக்கறேன்."

அவள் திரும்பவில்லை. ஆனால் தோள் கொஞ்சம் இளகியது. கேமரா அதில் நன்றாகப் பதிந்துகொண்டது.

முப்பத்தொரு படம். மூன்று தெளிவு. அதில் ஒன்றில் நம்பர், இறக்கையின் தையல், காற்றாடியின் மர ரேகை எல்லாம் கையால் தொடலாம் போல விழுந்திருக்கிறது. ஒரே ஒரு குறை. கீழ் மூலையில் செம்மஞ்சளாக ஏதோ கலங்கலாக இருக்கிறது. கனகாம்பரம்.

அக்டோபர் 1, செவ்வாய்

நேற்றே சிவகாசிக்குப் போய்விட்டது. அனுப்பும் முன் இயக்குநர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "பிரமாதம், ரங்கம். கீழே அந்தச் செவ்வானம் எப்படிக் கொண்டுவந்தீங்க? அது ஒண்ணுதான் இதைப் பறக்க வைக்குது" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். பொய் சொன்னவன் என்ற பெயர் இன்னும் போகவில்லையே என்று சொல்லிவிட்டேன்.

"அது எங்கூட்டம்மா தலைப்பூவுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார். வெட்டாமல் அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 4, வெள்ளி

தனபாக்கியம் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஒரு தாளைக் கொடுத்து ஜிலேபி மாதிரி சுழித்து வரையச் சொன்னார். வரைந்தேன். ஜாங்கிரி வந்தது. பயப்படுகிற வியாதி இல்லை, சிலருக்கு வயதானால் இப்படி வருவதுதான் என்றார். தினமும் அரை மாத்திரை.

மாத்திரையும் அரை. வீட்டுக்கு வந்ததும் அரை டம்ளர் காப்பி கொடுத்தாள். குடித்து முடித்தவுடன் இன்னொரு அரை டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஸ்டுடியோவைக் கழுவி, கேமரா, லென்ஸ், விளக்கு எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். டோக்கன் நம்பர் 41-ல் கிடந்த ஸ்டாண்டும் வந்து நின்றது. மணல் அடைத்த காலுறைக்கும் அரைஞாண் கயிற்றுக்கும்கூட இடம் கொடுத்தேன். ரெஜினா வந்து பொரி கடலை வாங்கிக்கொண்டு, காலுறைக்குப் பொட்டு வைத்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்தேன். தட்டைக் கீழே வைக்கப் போனபோது தனபாக்கியம் வந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். வலது தோளைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"இதுக்கு?"

சந்தனத்தைத் தொட்டுத் தோளில் வைத்தேன். அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். அவள் கண்ணாடி முன் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"கோணலா இருக்குதுங்க."

"நீ அசைஞ்சுட்டே" என்றேன்.